கோகிலவாணிக்குப் பின்னால் நடந்த புங்கமரம்

ஈரோட்டை ஒட்டிய கதிர் நகரில் குடியிருந்தவளும், தனியார் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் சான்றிதழ்களுக்கு முத்திரை குத்திக் குத்தியே இளமையைக் கழித்தவளுமான கோகிலவாணி, ஐம்பது வயது முடிந்த அந்தத் தை முதல் நாளில், ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்று மருத்துவர் சொன்ன மறுவாரத்தில், மூன்று தீர்மானங்கள் எடுத்தாள். விடிந்ததும் நடப்பது, துணிப்பை இல்லாமல் கடைக்குப் போவதில்லை என்பது, வாசலில் ஒரு மரம் வைப்பது. நான்காவதாக ஒன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி இனிமேல் நான் சந்தோஷமாக இருக்கப்போகிறேன் என்று சொன்னால், வீட்டில் என்ன பிரச்சினை என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

நாற்றுப்பண்ணையிலிருந்து முழங்கால் உயரப் புங்கங்கன்று ஒன்றை வாங்கிவந்து வாசலில் குழி எடுத்து நட்டாள். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாள். மகள் கல்யாணமாகி ஹைதராபாத்துக்குப் போய்விட்டிருந்ததால் அந்தக் கன்றோடுதான் அவள் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தாள். கணவன் சிவசாமி நூல் கமிஷன் கடையிலிருந்து வந்தால் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான். முதல் மாதம் அவள் நடந்த நடை ஒரு தண்டனை போல இருந்தது. முழங்கால் வலித்தது, மூச்சு இரைத்தது, முனைவீட்டு நாய் குரைத்தது, வழியில் பார்த்த எவரும் எவரையும் பார்க்கவில்லை.

மாசியில் ஒரு காலை, நெடுஞ்சாலைக்குத் திரும்பும் முனையில் டீக்கடை வைத்திருக்கும் குப்புராஜ், பாலை ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல் அவளைக் கூப்பிட்டான்.

"ஏனுங்க்கா, உங்க செடி பின்னாடியே வருதுங்களே. நீங்க கூட்டிக்கிட்டு வந்ததுங்களா, தானா வருதுங்களா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். புங்கங்கன்று நாலடி தள்ளி நின்றிருந்தது. வேரெல்லாம் வாசல்மண் ஒட்டியிருந்தது, சேற்றில் விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் கால் மாதிரி.

"தானாத்தானுங்க வந்திருக்குது."

"அப்பச் சித்தெ நில்லுங்க, தண்ணி ஊத்தறேன். வெயில் ஏறுதுல்ல" என்று சொல்லி, குப்புராஜ் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அதன் வேர்மேல் ஊற்றினான், பிறகு அடுத்த ஆளுக்குச் சர்க்கரை போடாமல் டீ போட்டான். அந்த ஊர் அந்த மரத்தை ஏற்றுக்கொண்டது அவ்வளவு எளிதாகத்தான்.

அதற்குப் பிறகு கோகிலவாணி நடக்கும்போதெல்லாம் அது நடந்தது, அவள் வேகமாகப் போனால் வேகமாகவும் மெதுவாகப் போனால் மெதுவாகவும் வந்தது, அவள் எங்கேயாவது நின்று சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தால் அங்கேயே வேரை மண்ணுக்குள் விட ஆரம்பித்தது, அவள் கிளம்பினால் வேரைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தது, மாலையில் அவள் வீடு திரும்பினால் வாசல் குழிக்குள் இறங்கி விடியும்வரை நின்றது. மண்ணில் நிற்கிற மரங்கள் வருடத்தில் வளர்கிற வளர்த்தியை அது ஒரு வாரத்து நடையில் வளர்ந்தது. மாசி முடிவதற்குள் அவள் தலைக்கு மேலே போனது, பங்குனி பாதியில் மாடி வீட்டு ஜன்னலை எட்டியது, பூத்தபோது வீதி முழுக்க வெள்ளையும் ஊதாவுமாக உதிர்த்துக்கொண்டே போனது, இரண்டு மைனாக்கள் அதில் கூடுகட்டிக் குஞ்சு பொரித்து, தினமும் காலையில் கூட்டோடு ஊர்வலம் போய்வந்தன.

நிழல் நடக்கிறது என்று தெரிந்ததும் ஆட்கள் சேர்ந்தார்கள். முதலில் சர்க்கரைக்காரர்கள் வந்தார்கள், பிறகு ரத்தக்கொதிப்புக்காரர்கள், பிறகு கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டியிருந்த பெண்கள், பிறகு ஒரு வியாதியும் இல்லாமல் வீட்டில் இருக்கப் பிடிக்காதவர்கள். ஓய்வுபெற்ற தாசில்தார் அருணகிரி இதற்கொரு சங்கம் ஆரம்பித்துத் தானே தலைவரானார். 'பசுமை நடையாளர்' என்று முதுகில் எழுதிய பச்சை பனியன்கள் வந்தன. நடுவில் ஒரு நாள் கோகிலவாணி திரும்பிப் பார்த்தபோது, மரத்துக்குப் பின்னால் வீதியை அடைத்துக்கொண்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும். அவளும் சிரித்தாள். முழங்கால் வலி எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. கல்லூரிக் காவலாளி மரத்தை வெளியேதான் நிறுத்த வேண்டும் என்று சொன்னபோதுகூட அவள் கோபப்படவில்லை. மதியச் சாப்பாட்டை வெளியே வந்து அதன் அடியிலேயே சாப்பிட்டாள்.

சித்திரை பிறந்ததும் எல்லாம் மாறியது.

மரம் பெரிதாகிவிட்டது. காலையில் அது வேரைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினால் வாசலில் கிணறு மாதிரி பள்ளம் விழுந்தது, மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் அதில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். கிளை பட்டுக் கம்பிகள் அறுந்து, நடுப்பகலில் வீதியே மின்விசிறி இல்லாமல் வெந்தது. கடைசியாக, குடிநீர் எப்போது வரும் என்று குடங்களை வரிசை வைத்துக் காத்திருந்த ஒரு காலையில், மரம் இழுத்த வேரோடு நிலத்தடிக் குழாயும் உடைந்து, அந்த வாரத்துத் தண்ணீர் முழுவதும் சாக்கடைக்குப் போனது. எதிர்வீட்டு ருக்குமணி காலிக்குடத்தைக் கோகிலவாணியின் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். இத்தனை நாளும் காலையில் மரத்துக்கு அடியில் அவளோடு கைகோத்து நடந்தவள் அவள்.

சரி, நடக்காமல் இருந்து பார்க்கலாம் என்று கோகிலவாணி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அவள் நின்றுவிட்டதால் மரமும் நின்றது. நின்ற இடத்தில் அது சும்மா இருக்கவில்லை, வேரை அவள் இருக்கும் திசைக்கு அனுப்பியது. அந்த வாரம் முடிவதற்குள் சமையலறைத் தரையோடுகள் தூக்கிக்கொண்டன, அடுப்பு மேடையில் விரிசல் விட்டது, சாமி படம் மாட்டியிருந்த சுவரில் ஒரு வேர்நுனி வெளியே வந்து காற்றில் தடவியது. அவளுடைய காலில் நீர் கோத்தது, எழுந்திருக்கவே மனம் வரவில்லை, முன்னைப்போல எல்லாவற்றின்மீதும் ஒரு சலிப்பு படிய ஆரம்பித்தது.

"வீடு இருக்கோணுமா, மரம் இருக்கோணுமா, நீயே சொல்லு" என்றான் சிவசாமி.

பிள்ளையார் கோயில் முன்னால் ஒரு மாலை எல்லோரும் கூடினார்கள். பச்சை பனியன் போட்ட அருணகிரிதான் பேசினார்.

"மரத்த வெட்டறதுல எங்க சங்கத்துக்குத்தான் ரொம்ப வருத்தமுங்க. ஆனா தண்ணியும் கரண்ட்டும் இல்லாம எப்படிங்க இருக்கறது?"

கோகிலவாணி எழுந்து நின்றாள். "வெட்ட வேண்டாமுங்கய்யா. அது நான் உக்கார்ற எடத்துல வேர் விட்டுக்கும். உங்க வீட்டுக்குப் பக்கத்துல காலி மனை கெடக்குதுங்களே. நான் அங்க போயி உக்காந்துக்கறேன். நல்லா வேரூனிட்டா, அப்பறம் அது எங்கயும் போகாதுன்னு நெனைக்கிறேன்."

"அங்கயா? அது கார் நிறுத்தற எடமுங்க. எலை கொட்டும், காக்கா எச்சம் போடும்."

"அப்ப பூங்கால?"

"இப்பத்தான் டைல்ஸ் போட்டிருக்குது."

ஒவ்வொருவரையும் அவள் பார்த்தாள். நிழலில் நடந்து இளைத்தவர்களும், சர்க்கரை குறைந்தவர்களும், அந்தப் பூவைக் கைப்பேசியில் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியவர்களும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவர் வீட்டில் மழைநீர்த் தொட்டி, ஒருவர் வீட்டில் பந்தல், ஒருவர் வீட்டில் வாஸ்து. மரம் வேண்டாமென்று ஒருவரும் சொல்லவில்லை, என் வீட்டுப்பக்கம் மட்டும் வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

"சரிங்க, வெட்டலாம்ங்கறவங்க கையத் தூக்குங்க" என்றார் அருணகிரி.

முதலில் உயர்ந்த கை சிவசாமியுடையது. அதைப் பார்த்த பிறகு மற்ற கைகள் உயர்ந்தன.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் கேட்டாள். "ஏனுங்க, நீங்களுமா?"

சிவசாமி நடையை எட்டிப் போட்டான். வாசல் வந்ததும் மரத்துக்குக் கீழே நின்று, அதைப் பார்க்காமல் பேசினான்.

"அது பெருசாகப் பெருசாக நீ எட்டி எட்டிப் போற. மொதல்ல டீக்கடை வரைக்கும் போன, அப்பறம் வாய்க்கால் வரைக்கும் போன, இப்ப எங்க போறேன்னே தெரியறதில்ல. ஒரு நாளைக்கு அப்படியே போயிட்டீன்னா? நான் எங்க போயித் தேடட்டும்?"

அந்த எண்ணம் அவளுக்கும் வந்திருந்தது. வந்தபோது அவளுக்குப் பயமாக இருக்கவில்லை, இனிப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் அறுவை இயந்திரத்தோடு ஆள் வருவதாக ஏற்பாடு. கோகிலவாணி அதற்கு முன்பே வாசலைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள், செருப்பை மாட்டினாள், திரும்பிப் பார்க்காமல் கிழக்கே நடக்க ஆரம்பித்தாள். மரம் பள்ளத்திலிருந்து எழுந்தது. எழுந்த சத்தத்துக்கு வீதி முழுக்க விழித்துக்கொண்டது. ஓடிவந்தவர்களில் பாதிப்பேர் தடுக்க வந்தவர்கள், பாதிப்பேர் தினமும் நடந்து பழகிய பழக்கத்தில் வந்தவர்கள். நெடுஞ்சாலையை அடைவதற்குள் யார் எதற்கு வந்தார்கள் என்பது அவர்களுக்கே குழம்பிவிட்டது. அறுவை இயந்திரத்தைத் தோளில் வைத்திருந்த ஆளும் வெயில் பொறுக்காமல் நிழலுக்குள் வந்துவிட்டான். சிவசாமி தண்ணீர்க் கேனை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, கடைசியாக, எல்லோருக்கும் பின்னால் உருட்டியபடி வந்தான்.

அவள் நிற்பதற்கு ஒரு இடம் தேடினாள். பெட்ரோல் பங்க் ஓரம் நின்றாள். இங்கே கூடாது, அடியில் டாங்க் இருக்கிறது என்றார்கள். கல்யாண மண்டபத்து மைதானத்தில் நின்றாள். முகூர்த்த நாள், பந்தல் போடவேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் நின்றபோது உள்ளே இருந்த பிள்ளைகள் கையாட்டின, ஆனால் தலைமையாசிரியர் கும்பிட்டுக்கொண்டே வந்து, மேலிடத்தில் கேட்காமல் முடியாது என்றார். ஒவ்வொரு இடத்திலும் மரம் வேரை இறக்கத் தொடங்கும், ஒவ்வொரு இடத்திலும் அவள் அதைப் பிடுங்க வைத்துக் கூட்டிப்போனாள். உச்சி வெயிலில் தார் உருகி வேரில் ஒட்டியது. இலைகள் சுருண்டன, நடந்துவந்த வழியெல்லாம் உதிர்ந்தன, நிழலில் ஓட்டை விழுந்து அதன் வழியே வெயில் அவள் உச்சந்தலையைக் குத்தியது. மைனாக்கள் கூட்டைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. இன்னும் ஒரு இடத்தில் பிடுங்கினால் இது செத்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் ரயில்வே கேட் வந்தது.

கேட்காரி செல்வராணி, ரயில் வருகிறது என்று தொலைபேசியில் தகவல் வந்ததால், கம்பத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். கோகிலவாணி கவனிக்கவில்லை, தலை குனிந்து, மயக்கத்தில் நடப்பவள்போல, இறங்குகிற கம்பத்துக்குக் கீழே நுழைந்து தண்டவாளத்தைக் கடந்து அந்தப்பக்கம் போய்விட்டாள். பின்னால் வந்த கூட்டம் கம்பத்துக்கு வெளியே நின்றது. மரம் நிற்கவில்லை. கம்பத்தை முறித்துத் தள்ளிவிட்டு உள்ளே வந்தது.

முறிந்த சத்தம் கேட்டுக் கோகிலவாணி நின்று திரும்பினாள். அவள் நின்றதும் மரமும் நின்றது, தண்டவாளத்தின்மேல்.

"ஐயோ, வண்டி வருதுங்க்கா! வளைவுக்கு அந்தப்பக்கம் வந்துருச்சு!" என்று கத்தியபடி செல்வராணி சிவப்புக்கொடியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தோடு ஓடினாள். வளைவுக்குப் பின்னால் ஊதல் கேட்டது.

கோகிலவாணி மரத்தை நோக்கி ஓடிவந்தாள். இரண்டு கைகளாலும் அடிமரத்தைத் தள்ளினாள், கெஞ்சினாள், அடித்தாள். வேர்கள் ஜல்லிக்கற்களை விலக்கிக்கொண்டு கட்டைகளுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தன. அவள் எவ்வளவு நெருங்கி நின்றாளோ அவ்வளவு ஆழமாக அவை இறங்கின. கூட்டத்தில் பெண்கள் அலறினார்கள். சிவசாமி ஸ்கூட்டரைக் கீழே போட்டுவிட்டு முறிந்த கம்பத்தைத் தாண்டி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"வுட்டுட்டு வா புள்ள! வா!"

"அது செத்துருமுங்க! வண்டியில எத்தன சனம் இருக்குதோ!"

தூரத்தில் கொடியை வீசிக்கொண்டிருந்த செல்வராணி திரும்பிப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள். "நீங்க நிக்கறதாலதானுங்க்கா அது நிக்குது! ஓடுங்க! திரும்பிப் பாக்காம ஓடுங்க!"

சிவசாமிக்கும் அந்தக் குரல் கேட்டது. இழுத்துக்கொண்டிருந்த கையை அவன் விட்டான். விட்டதோடு நிற்காமல், அவள் முதுகில் கையை வைத்து, அவன் பயந்த அதே திசைக்கு அவளைத் தள்ளினான்.

"போ" என்றான். "ஓடு. போ!"

கோகிலவாணி ஓடினாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒரு தடவைகூட ஓடாத அந்தப் பெண், புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பு ஒன்று ஒரு பக்கம் பறக்க, மற்றதைத் தானே உதறிவிட்டு, சரிவில் இறங்கி, முள்ளும் கல்லும் பார்க்காமல் ஓடினாள். பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும் என்று கழுத்து துடித்தது. பார்க்கவில்லை. வேர்கள் அறுபடும் சத்தம் கேட்டது, ஒன்று, பிறகு பல, பட்டாசுக்கட்டு வெடிப்பதுபோல, அந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளுடைய உள்ளங்காலில் வலித்தது, அழுதுகொண்டே ஓடினாள். பிறகு தரை அதிர்ந்தது. அது மரத்தின் அதிர்வா ரயிலின் அதிர்வா என்று தெரியாமல் இன்னும் வேகமாக ஓடினாள், திடீரென்று அவள் தலைமேல் நிழல் வந்து விழுந்தது, நிழலும் அவளோடு ஓடியது, மைனாக்கள் கத்தின, அவளுக்குப் பின்னால் கிரீச்சென்று பிரேக் போட்டபடியே ரயில் ஒரு பெட்டிகூட மிச்சமில்லாமல் கேட்டைக் கடந்து போய் நின்றது.

இனி ஓடமுடியாது என்ற இடத்தில் அவள் விழுந்தாள். அது மூடிப்போன ஒரு சாயப்பட்டறையின் நிலம். மண் ஓரிடத்தில் சிவப்பாகவும் ஓரிடத்தில் நீலமாகவும் இருந்தது, புல்கூட முளைக்காத பூமி, யாரும் வேண்டாமென்று விட்டுவிட்ட பூமி. இங்கே கூடாது என்று சொல்ல அங்கே ஆளே இல்லை. பாதி வேர் போன மரம் அவள்மேல் சாய்ந்தபடி வந்து நின்றது.

வேறு எங்கும் போக அதற்குச் சக்தி இல்லை. அதனால் அவள் உட்கார்ந்தாள்.

அவள் அங்கே எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாள் என்பதை அந்த ஊரில் யாரும் சரியாகச் சொல்வதில்லை. அவள் எழுந்தால் மரமும் எழுந்துவிடும், எழுந்தால் அதோடு முடிந்துவிடும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிவசாமி அவளுக்கு மாத்திரையும் கேழ்வரகுக் களியும் கொண்டுவந்தான், நான்கு கம்பு நட்டு மறைப்புக் கட்டினான், சாயம் படிந்த மேல்மண்ணை வெட்டி அகற்றி வாய்க்கால் வண்டலைக் கொட்டினான். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு அவனும் அங்கேயே இருந்தான். இலை முழுவதும் உதிர்ந்தது. மைனாக்கள் போய்விட்டன. கிளைகளில் தட்டினால் உலர்ந்த சத்தம் வந்தது. நடக்காததால் அவளுக்குக் கால் வீங்கியது, கண் இருட்டியது, ஒரு பகல் முழுக்க அவள் பேச்சில்லாமல் கிடந்தாள். வா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சிவசாமி கும்பிட்டான். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

முதலில் வந்தவள் ருக்குமணிதான். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். இரண்டையும் வேரில் ஊற்றினாள். கூட உட்கார்ந்து கோகிலவாணியின் காலை மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டாள். மறுநாள் குப்புராஜ் ஒரு டிரம்மை வண்டியில் ஏற்றிவந்தான். அதற்கடுத்து நடையாளர்கள் வந்தார்கள், ஆளுக்கொரு பாத்திரம் தூக்கிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில், நிழலே இல்லாமல் அவ்வளவு தூரம் நடந்து. அருணகிரி வந்தபோது பனியன் போட்டிருக்கவில்லை. குடத்தை இறக்கிவிட்டு, "அந்தக் காலி மனையிலயே நட்டிருக்கலாமுங்க" என்றார் மெல்ல. அந்தத் தண்ணீரையும் வாங்கி வேரில் ஊற்றினார்கள்.

கோடைமழை ஒன்று பெய்து ஓய்ந்த பிற்பகலில், ருக்குமணி மரத்தைச் சுற்றிவந்துகொண்டிருந்தவள் நின்றாள். அடிக்கிளை ஒன்றின் கணுவில், செம்பு நிறத்தில், நகத்தளவில் ஒரு துளிர் விட்டிருந்தது. அதற்கு மேலே இன்னொன்று.

எல்லோரும் கோகிலவாணியைப் பார்த்தார்கள். இனி அவள் எழுந்தாக வேண்டும். எழுந்து நடந்தாக வேண்டும். மரம் நிற்குமா, பின்னால் வருமா என்று அப்போதுதான் தெரியும்.

சிவசாமி கை கொடுத்தான். அவள் எழுந்து நின்றாள், ஆடினாள், மரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பிடியை விட்டாள். ஒரு அடி வைத்தாள். பின்னால் மண் நெகிழ்வதுபோலச் சத்தம் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு அடி வைத்தாள், இன்னொன்று. சத்தம் நின்றது. அவள் சரிவு வரைக்கும் போனாள். தலைமேல் வெயில் பட்டது. அவளைத் தொடர்ந்து எதுவும் வரவில்லை.

அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். சிவசாமி பக்கத்தில் வந்து, ருக்குமணியைக் கூப்பிடட்டுமா, உட்காருகிறாயா, வண்டியை எடுத்து வரட்டுமா என்று ஏதேதோ கேட்டான். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெறுங்காலோடு சரிவில் ஏறினாள். அவன் கொஞ்சம் இடைவெளி விட்டு அவளுக்குப் பின்னால் நடந்தான்.

கேட்டில் புதுக்கம்பம் போட்டிருந்தார்கள். செல்வராணி வெளியே வந்து அவளையும், அவளுக்குப் பின்னாலிருந்த வெற்று வானத்தையும் பார்த்தாள்.

"மரம் எங்கீங்க்கா?"

"அது நின்னுருச்சுங்க."

"நீங்க?"

கோகிலவாணி தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள். பதில் சொல்வதற்காக அவள் நிற்கவில்லை.